என் பெயர் வைத்த இலை

மார்ச் 3, செவ்வாய்

பால்கனிக் கதவு இன்றும் அடிக்கவில்லை. முட்டுக்கொடுத்த கல் தன் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறது. மருமகள்தான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கால் விரலை அதில் இடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தாள்.

"இந்தக் கல்லைத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை மாமா சொல்றது!"

"கல்லு இருந்த இடத்துலயேதாம்மா இருக்கு. உன் காலுதான் அங்க போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியும் இருந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுகிறாள். போன வருடம் வாய் ஒரு பக்கம் கோணிப்போனதே, அதிலிருந்து அன்றாடம் நடந்ததை ஒன்றுவிடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் கட்டளை போட்டிருக்கிறாள். சுவரைப் பார்த்துப் பேசினால் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று இவள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள். என் கொச்சையை எல்லாம் திருத்தி நல்ல தமிழில் போடுகிறாளாம். போடட்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னையே திருத்திப் பார்க்கிறாள், இதுவா பெரிது.

ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் போக வேண்டும். நான் வெட்டியெடுத்த கல் இலைக்கு என் பெயரை வைத்துப் பலகையில் போட்டிருக்கிறார்களாம்.

மார்ச் 4, புதன்

காலையில் நாக்கு குழறியது. மதியத்துக்கு மேல் சரியாகிவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

கண்ணாடிப் பெட்டி, உள்ளே சின்ன விளக்கு, விளக்கடியில் என் இலை. சாம்பல் நிறக் களிக்கல்லில் கரி தீட்டியதுபோல் கறுப்பாக. ஓரத்தில் ஒரு பல் கிடையாது, மொழுமொழுவென்று. நுனி வால்போல நீண்டிருக்கிறது. காம்புக்குச் சற்று மேலேயே மூன்று நரம்பாகப் பிரிந்து ஏறுகிறது. இதைப் பிளந்தவன் நான். ஓட்டுத் தொழிற்சாலைக்கு மண் வெட்டும் குழியில், முந்தின நாள் மழை பெய்து ஓய்ந்த காலையில், தெற்குச் சுவரில், இரண்டாவது சாம்பல் பட்டைக்குக் கீழே. அந்தக் கல் வெங்காயம் மாதிரி தோல் தோலாகக் கழன்று வரும். கடப்பாரை நுனியால் ஒரு தட்டு. திறந்ததும் ஈரத்தில் இந்த இலை இப்போதுதான் உதிர்ந்ததுபோல் மினுங்கியது. சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு நின்றிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள்தான் இன்று என் மருமகள். கல் பொறுக்க வந்தவள், எனக்குச் சோறு கொண்டுவந்த என் மகனையும் சேர்த்துப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பலகையை வீட்டுக்காரி வாசித்தாள். "முன்னால ஏதோ வேத்து பாஷை, பின்னால உங்க பேரு, அதுக்கும் ஒரு வால் ஒட்டியிருக்காங்க" என்றாள். இலைக்கு வால் இருக்கும்போது பெயருக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நாலு எழுத்துத் தெரியாதவன் பெயரை நாலு தேசத்துக்காரர்கள் வாசிப்பார்களாம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அப்புறம் மருமகள், அங்கேதான் அவளுக்கு வேலை, தன் அறைக்குக் கூட்டிப்போய் மைக்ரோஸ்கோப்பில் காட்டினாள். தளக்கல் பாவியதுபோல் கட்டம் கட்டமாக இருந்தது. நடுநடுவே சிறகை விரித்து உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சிகள்.

"அது இலையோட மூச்சுத் துளை மாமா. குழியில இறங்கி இருக்கும், ரெண்டு பக்கமும் சிறகு மாதிரி தடிப்பு இருக்கும். லவங்கக் குடும்பத்துக்கே உள்ள அங்க அடையாளம். பட்டை எடுக்கற லவங்கம், பிரிஞ்சி, வெண்ணெய்ப்பழம் எல்லாம் அந்தக் குடும்பம்தான்."

"அதான் இலையைப் பார்த்தாலே தெரியுதே. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கண்ணாடி?"

"முகத்தைப் பார்த்துக் குடும்பம் சொல்ல முடியாது. மொழுக்குன்னு ஓரம், நீட்டு நுனி, இந்த முகம் பாதி மரத்துக்கு இருக்கு. தோலைப் பார்க்கணும். இலை மேல மெழுகு மாதிரி ஒரு தோல் இருக்கும். சதை அழுகினாலும் அது அழுகாது. கல்லுத் துணுக்கை அமிலத்துல போட்டு, கழுவி, சல்லடையில பிடிச்சா அந்தத் தோல் மிதக்கும்."

இத்தனை கோடி வருடம் கழித்தும் ஒரு இலையின் தோல்! என் தோல் எழுபது வருடத்திலேயே இப்படித் தொங்குகிறது.

ஜன்னலுக்கு வெளியே, மொட்டை மாடி மேல் சாய்ந்து ஒரு லவங்க மரம் நிற்கிறது. எட்டி ஒரு இலை பறித்துக் கசக்கி என் மூக்கில் வைத்தாள். "இது உங்க இலையோட பேரன் மாமா. தாத்தாவுக்கும் பேரனுக்கும் தோல்ல ஒரு வித்தியாசம் கிடையாது. அதுதான் எல்லாரும் வாயைப் பொளந்தாங்க."

அந்த இலையை வைத்துத்தான் அவளுடைய வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். பாதி ராத்திரி விமானத்தில் போய்ப் பேசிவிட்டு வந்தாளே, அதுவும் இதைப் பற்றித்தான்.

மார்ச் 9, திங்கள்

முடி வெட்டுகிறவரிடம் சொன்னேன். நானாகச் சொல்லவில்லை, அவர் கேட்டார். (அவர் கேட்கவில்லை. இவராகத்தான் சொன்னார். நான் கூடவே இருந்தேன்.)

"தலையில ஒண்ணும் முளைக்கலை, பேரு மட்டும் துளிர்க்குதா? நடக்கட்டும் பெரியவரே" என்றார் அவர்.

மார்ச் 12, வியாழன்

என்ன சொல்வது. எங்கே ஆரம்பிப்பது.

வியாழன் என்றால் பேச்சுப் பயிற்சி. அது அருங்காட்சியகத்துக்கு எதிர் வரிசையில் இருக்கிறது. முடிந்ததும் மருமகள் அறையில் போய் உட்கார்ந்திருப்பேன், சேர்ந்து வீட்டுக்கு வருவோம். இன்று அவள் அறைக் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குழாய்க்காரர் மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாளியோடு இறங்கி வந்தார். வாளி நிறையக் கறுப்புச் சக்கை.

"மேடம், தொட்டி மூடி உடைஞ்சு எத்தனை வருஷமாச்சோ! மேல இருக்கற மரம் மொத்தமும் உள்ளதான் உதிர்ந்திருக்கு. இது தண்ணித் தொட்டியா, டீ பாய்லரா? பாலும் சக்கரையும் போட்டா கடையே வைக்கலாம்."

எல்லோரும் சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாளியைக் குனிந்து பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, அதற்குப் பிறகு அதில் உயிர் இல்லை.

விரலை விட்டு ஒரு துணுக்கை எடுத்தாள். சதையெல்லாம் அழுகிப் போய், கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக ஒரு தோல். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது குழாய் வழியா கீழ வருமா?"

"பெருசு வராது மேடம். பொடிப்பொடியா வரும். அதுதான் இப்ப அடைச்சிருக்கு."

அந்தத் தோலைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். அதை எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து என் இலையின் சில்லை வைத்தாள். மறுபடி அது, மறுபடி இது. மாற்றி மாற்றி வைத்ததில் ஒரு சில் தரையில் விழுந்து உடைந்தது. குழாய்க்காரர் பதறி, "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார்.

"இல்லண்ணே. நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

என்னைத் திரும்பிப் பார்க்காமல், "மாமா, நீங்க ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிடுங்க" என்றாள். ஒரு நாளும் என்னைத் தனியாக அனுப்பாதவள்.

மார்ச் 13, வெள்ளி

என் இலை இல்லையாம்.

கல் என் கல்தான். அதிலிருக்கும் படமும் நான் பிளந்த இலையின் படம்தான். ஆனால் தோல், அந்த வண்ணத்துப்பூச்சி, எல்லாவற்றையும் மெய்ப்பித்ததே அது, அது மாடியில் நிற்கிற மரத்தின் இலையாம். போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ தொட்டிக்குள் உதிர்ந்தது.

சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள். "கல்லுலேர்ந்து உரிச்சு எடுக்கலை மாமா. குழாயடியில கழுவி, சல்லடையில மிதந்ததைப் பொறுக்கினோம். கல்லுலேர்ந்து வந்ததுன்னு நினைச்சோம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் வித்தியாசமே இல்லைன்னு ஆச்சரியப்பட்டேனே… எப்படி இருக்கும்? நான் பார்த்துக்கிட்டு இருந்ததே பேரனைத்தான்."

இடி விழுந்தால் சத்தமாவது கேட்கும். இது சோற்றில் ரசம் ஊற்றிய மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது.

ஐயோ, முடி வெட்டறவர் வரைக்கும் சொல்லி வச்சிருக்கேனே. குழிக்காடு முழுக்க என் கூட மண்ணு வெட்டினவங்க பிள்ளைங்க எல்லாம் பலகையைப் படம் பிடிச்சு அனுப்பிட்டாங்களே. தொட்டியில கிடந்த குப்பைக்கா என் பேரு?

மார்ச் 14, சனி

சண்டை.

"நீயா வாயைத் திறக்கலைன்னா யாருக்குத் தெரியும்? மூடி மாத்தியாச்சு, தொட்டி கழுவியாச்சு. வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் பார்த்துக்கலாம். விட்டுடு" என்றேன்.

"அப்படி விட முடியாது மாமா. வேற ஊர்ல ஒருத்தர் தன் கையில இருக்கற இலையை என் இலையோட வச்சுப் பார்த்து, இதுவும் லவங்கம்னு முடிவு பண்ணுவார். அவரைப் பார்த்து இன்னொருத்தர். ஏற்கனவே ஒருத்தர் பண்ணிட்டார்."

"பண்ணட்டும்! இலைதானே, மருந்தா? சாப்பிட்டுச் சாகவா போறாங்க? என் பேரும்மா அது. எனக்குன்னு வேற என்ன இருக்கு?"

அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. சாத்தியிருந்தால் தேவலை.

நீண்ட தூரப் பேருந்து ஓட்டும் மகன் எங்கோ நிறுத்தத்திலிருந்து போன் பண்ணினான். "அப்பா, அவ தொழில்ல நீங்க தலையிடாதீங்க. நான் ஸ்டியரிங் பிடிச்சிருக்கும்போது நீங்க பிரேக் போடுவீங்களா?"

(இவர் கத்தியபோது எச்சில் ஒரு பக்கமாக வழிந்தது. அதைத் துடைத்துவிட்டவள் மருமகள். இதை எழுதாதே என்கிறார். எழுதுவேன்.)

மார்ச் 15, ஞாயிறு

யாரும் யாரோடும் பேசவில்லை. கதவுதான் கல்லோடு முட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் 19, வியாழன்

பயிற்சி முடிந்து போய் அவள் அறை மூலையில் உட்கார்ந்திருந்தேன். அருங்காட்சியகத்தின் தலைவர் வந்தார். அவருக்கு நான் வைத்த பெயர் இஸ்திரி. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் இருக்காது. மருமகள் எல்லாவற்றையும் முன்னமே அவரிடம் சொல்லியிருக்கிறாள். மூலையில் இருந்த என்னை அவர் ஒரு ஆளாக எண்ணவில்லை.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா" என்றார். "நீங்களா வாயைத் திறக்கலைன்னா யாருக்குத் தெரியும்? மூடி மாத்தியாச்சு. தொட்டி கழுவியாச்சு. உங்க வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சொல் மாறவில்லை. என் வாயை இந்த ஆள் எப்போது இரவல் வாங்கினார்? நான் சொன்னபோது அது வீட்டுப் பாசமாகத் தெரிந்தது. அவர் வாயில் கேட்டபோது ஊசிப்போன வாடை வந்தது. என் வாயிலும் அவளுக்கு அப்படித்தானே வந்திருக்கும்?

அவள் தலைகுனிந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"பலகையைக் கழட்டச் சொல்லுங்க."

"நீங்க யாரு?"

"அந்தப் பலகையில இருக்கறவன். பேருக்குச் சொந்தக்காரன் நானே சொல்றேன், கழட்டுங்க."

நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. இஸ்திரி முகத்தில் முதல் தடவையாக ஒரு சுருக்கம் விழுந்தது.

திரும்பி வரும்போது சாலையைக் கடக்க அவள் என் கையைப் பிடித்தாள். வழக்கமாக நான் உதறிவிடுவேன்.

மார்ச் 20, வெள்ளி

முடி வெட்டுகிறவர் கேட்டார், "இலை எப்படி இருக்கு பெரியவரே?"

"உதிர்ந்துடுச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. காதோரத்தை மெதுவாக வெட்டிவிட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

பழைய தண்ணீரில் ஒரு குடம் மருமகள் எடுத்து வைத்திருந்தாளாம், தொட்டியைக் கழுவுமுன். அதைக் கல்லே இல்லாமல், வெறும் தண்ணீராக, அதே சல்லடையில் ஊற்றிப் பார்த்திருக்கிறாள். அதே தோல். அதே வண்ணத்துப்பூச்சி.

"கல்லே இல்லாம கல்லுலேர்ந்து இலை எடுத்துட்டேன் மாமா" என்று சிரித்தாள். வீட்டுக்காரி மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டும் அதே சிரிப்பைத்தான் சிரித்தாள். முதுகு குலுங்கிய விதத்தில்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது.

யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். இலைக்கு வைத்த பெயர் போய்விட்டது. வேலை விஷயத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை.

"வேற கல்லுல பாரேன். அறை நிறைய அடுக்கி வச்சிருக்கியே."

"வந்த அன்னிக்கே எல்லாத்தையும் மெல்லிசாப் பிளந்து, அந்தக் குழாயடியில பிரஷ் போட்டுத் தேய்ச்சோமே மாமா. இனி அதுல எது ஒட்டியிருந்தாலும் நம்ப முடியாது. அந்தத் தண்ணி படாத கல்லு ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூடப் போதும்."

குழிக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். குழி எங்கே இருக்கிறது? அதை மூடி மேலே ஏழு மாடி கட்டிவிட்டார்கள். கீழே எத்தனை இலை கிடக்கிறதோ, மேலே அத்தனை பேர் குளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

எழுது, எழுது, எனக்கு மூச்சு வாங்குகிறது, நீ எழுது.

காலையில் துணி காயப்போடப் போன மருமகள் மறுபடி கல்லில் இடித்துக்கொண்டாள். இந்தத் தடவை நகம் பெயர்ந்துவிட்டது. "அம்மா" என்று தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். நான் பஞ்சு தேடினேன். வீட்டுக்காரி என்னைத் திட்டிக்கொண்டே மஞ்சள்தூள் தேடினாள். திரும்பி வந்தால் இவள் காலை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரத்தம் பாட்டுக்கு வழிகிறது.

"மாமா. இந்தக் கல்லை யாராவது கழுவினாங்களா?"

"கல்லை எதுக்குக் கழுவணும், சாமியா?"

"விளையாடாதீங்க. இது எங்கேர்ந்து வந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். அந்த நாளின் வெயில்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. குழியை மூடப்போகிற வாரம். அருங்காட்சியகத்து லாரி வந்து நின்றது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா கல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றச் சொன்னார். இதன் மேற்பரப்பில் தெரிந்த இலைக்கு நுனியும் இல்லை, அடியும் இல்லை, நடுத்துண்டு மட்டும். "நுனி அடி இல்லாததை வச்சு என்ன பண்றது, லாரியில இடம் இல்லை" என்று ஒதுக்கிவிட்டார். என் இலை கிடைத்த அதே சுவர், அதே பட்டை. எனக்கு விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. சாக்கில் சுற்றிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நடத்துநர் கல்லுக்கும் டிக்கெட் கேட்டார். பழைய வீட்டில் பரணில் இருந்தது. இங்கே வந்ததும் இலைப் பக்கம் அடியில் இருக்கக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். அருங்காட்சியக வாசலை அது மிதித்ததே இல்லை.

"தரை துடைக்கறப்ப மாப் பட்டிருக்கும். நான் பொய் சொல்லக் கூடாது" என்றாள் வீட்டுக்காரி.

"வெளியில பட்டாப் பரவாயில்லத்தை. இது இன்னும் பிளக்காத கல்லு. உள்ள காத்தே பட்டிருக்காது."

ஊரிலிருந்து காலையில்தான் வந்து தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பி, நம் மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, பக்கத்தில் ஏதாவது மரம் இருக்கிறதா என்று பார்த்து வரச்சொன்னாள். அவன் லுங்கியோடு ஏறிப் போய், "மூடி இருக்கு. மரம் இல்லை. ஒரு காக்கா இருக்கு, அதையும் விசாரிக்கணுமா?" என்று மேலிருந்து கத்தினான்.

இத்தனை நாள் எல்லோரும் உதைத்த கல்லை அவள் சுத்தமான துணியில் சுற்றி, பெற்ற குழந்தையை எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்துப் போனாள். நகத்துக்குக் கட்டுப்போட நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

ஏப்ரல் 2, வியாழன்

பிளந்தாள். பெரிய தட்டெல்லாம் இல்லை, குழியில் பழகியவள் ஆயிற்றே, விளிம்பில் நாலு இடத்தில் மெதுவாகத் தொட்டாள். கல் வாயைத் திறந்தது.

உள்ளே பாதி இலை. முதலில் மினுங்கி, பிறகு மங்கியது. மேலே இருந்ததைவிட மோசம், நுனி இல்லை, ஒரு பக்க ஓரமே இல்லை. அந்த லாரி அம்மா பார்த்திருந்தால் இதையும் ஒதுக்கியிருப்பார்.

அவள் குழாயைத் தொடவே இல்லை. கடையில் வாங்கிய சீல் போட்ட தண்ணீர்ப் புட்டிதான். அதிலும் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள், ஒன்றும் மிதக்கவில்லை. ஊசி முனையால் கல்லிலிருந்தே, ஒட்டிக்கொண்டிருந்த கரியோடு, நகக்கண் அளவு உரித்து எடுத்தாள். உரிக்கும்போதே படம் பிடித்தாள், எந்த இடத்திலிருந்து வந்தது என்று யாரும் கேட்கக் கூடாதாம்.

நான் மூச்சு விடவில்லை. விட்டால் பறந்துவிடுமோ என்று பயம்.

ஏப்ரல் 3, வெள்ளி

தோல் இருக்கிறதாம். என்ன தோல் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். "இந்தத் தடவை என் கண்ணை நானே நம்பலை மாமா." கல் எது, ஊர் எது, யார் எடுத்தது என்று எதையும் சொல்லாமல் வேறு ஊரில் இரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறாள்.

என் பழைய இலையைச் சுத்தமான தண்ணீரில் மறுபடி பார்த்தாளாம். தோலே இல்லை. வெறும் படம் மட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டார்கள். லவங்கக் குடும்பம்.

சமையல்கட்டில் நின்றபடியே போனை எங்களுக்குக் காட்டினாள், ஏதோ எனக்கும் வாசிக்கத் தெரியும் என்பதுபோல். வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. ஆனால் சிறகு ஒல்லி. தளக்கல் ஓரம் நேர்க்கோடாக இல்லை, அலையலையாக நெளிகிறது. எண்ணெய்ப் பை இருந்த வட்டத்தடம் அங்கங்கே இருக்கிறது. மாடி மரத்தின் தோலில் இந்த நெளிவு கிடையாது.

"அப்ப இதுவும் தாத்தா இல்லையா?"

"லவங்க மரத்துக்குத் தாத்தா இல்லை. ஒண்ணுவிட்ட பெரிய தாத்தா மாதிரி. அந்தக் குடும்பம் அங்க இருந்தது நிஜம் மாமா. அது மட்டும் நிஜம்."

கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்தது யாரென்று தெரியாத இலை. நாங்கள் தினம் காலால் தள்ளிக்கொண்டிருந்தது லவங்கக் குடும்பத்து இலை. மழை நாளில் அதன் மேல் நான் ஈரச் செருப்பைக் காயவைத்திருக்கிறேன்!

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இதுக்கு… உங்க பேரை…"

"வேண்டாம்மா."

"கோபமா மாமா?"

"கோபமெல்லாம் இல்லை. நுனியும் அடியும் இல்லாத இலைக்குத் தலையும் வாலுமா ஒரு பேரு எதுக்கு? முழு இலை கிடைக்கட்டும். வேணும்னா அந்தக் குழாய்க்காரர் பேரை வை. அவர்தான் டீ போட்டுக் கொடுத்தார்."

அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு.

(இதைச் சொல்லிவிட்டு எழுதிய வரையில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சரி என்றார்.)

மே 14, வியாழன்

வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இன்னொரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். மாடி மரத்தை வெட்டிவிடலாம் என்றாராம் இஸ்திரி. கூடாது என்று சொல்லிவிட்டாளாம். "மரம் என்ன தப்பு பண்ணிச்சு, மூடியைப் போடுங்க."

ஜூன் 7, ஞாயிறு

எல்லோரும் அருங்காட்சியகம் போய்வந்தோம். அதே கண்ணாடிப் பெட்டி, அதே விளக்கு. இப்போது உள்ளே மூன்று இருக்கின்றன. பாதி இலையோடு கதவுக்கல். பக்கத்தில் என் பழைய இலை. நடுவில் ஒரு சீசாவில் தொட்டிச் சக்கை. அந்தச் சீசா முன்னால்தான் கூட்டம். வீட்டுக்காரி பலகையை வாசித்தாள். என் இலைக்குக் கீழே "குடும்பம் தெரியவில்லை" என்று இருக்கிறதாம். பொய்யில்லாத பலகை. நான் கொஞ்ச நேரம் அதன் முன்னால்தான் நின்றேன். அது எனக்குத் தெரிந்த இலை. மழை ஓய்ந்த காலையில் ஈரத்தோடு பார்த்த முகம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து பால்கனிக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. முட்டுக்கொடுக்கக் கல் இல்லை. செருப்பை வைத்தேன், நகர்ந்துவிட்டது. மடித்த சாக்கை வைத்தேன், அதுவும் நிற்கவில்லை. யாரும் எரிச்சல்படவில்லை. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சாயங்காலம் மருமகள் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு அவசரமாக உள்ளே வந்தாள். வாசற்படி வந்ததும், அங்கே இல்லாத கல்லைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்தாள்.